கதைக்கு ஏற்ற இசைஞர்

நுழையும்முன்

நூலாகப் படித்த கதை திரைப்படமாகும்போது உருவங்கள் மாறுவதை நாம் உடனே கண்டுகொள்கிறோம். கதைமாந்தரின் முகம் நாம் எண்ணியவாறு அமையவில்லை எனில் குறைபட்டுக்கொள்கிறோம். ஆனால், அக்கதைக்கு இசை தந்தவர் யார், அவரை ஏன் தேர்ந்தெடுத்தனர் என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. சிறுவர்க்கான மாயப்புனைவு ஒன்றைத் திரைப்படமாக்கும்போது இசையமைப்பாளரைத் தேர்ந்தெடுப்பது எத்தகைய பொறுப்பு என்பதை, உலகறிந்த ஒரு திரைப்பட வரிசையைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

நூலுக்குள் கேட்கும் ஓசை

அச்சிட்ட நூலுக்கு ஓசை இல்லை. ஆயினும், அதைப் படிக்கும் சிறுவர் எவரும் ஓசையின்றிப் படிப்பதில்லை. பழங்கோட்டையின் கதவு திறக்கும் ஒலியும் இருளில் பறக்கும் ஆந்தையின் சிறகொலியும் படிப்பவர் மனத்தில் கேட்கவே செய்கின்றன. அவ்வொலி ஒருவருக்குக் கேட்பது போல் மற்றவருக்குக் கேட்பதில்லை. பத்து மாணவர் ஒரே பக்கத்தைப் படித்தால் பத்துக் கோட்டைகள் தோன்றும். பத்து விதமான ஓசைகள் எழும்.

திரைப்படம் இந்தப் பத்தையும் ஒன்றாக்கிவிடுகிறது. படம் வெளிவந்தபின் அந்நூலைக் கையில் எடுக்கும் சிறுவருக்கு, படத்தில் ஒலித்த இசையே அக்கதையின் இசையாகிவிடுகிறது. காட்சியைவிட இசை ஆழமாகப் பதிவதற்குக் காரணமும் உண்டு. காட்சியைக் காணக் கண் திரையை நோக்கியிருக்க வேண்டும். இசை கேட்க அது வேண்டுவதில்லை. அச்சமூட்டும் இடத்தில் கண்களைப் பொத்திக்கொள்ளும் குழந்தை, காதுகளைப் பொத்த மறந்துவிடுகிறது. படம் முடிந்து பல ஆண்டுகள் சென்றபின்னும், காட்சிகள் மங்கிய நிலையிலும், நான்கைந்து சுரங்களைக் கேட்ட அளவில் அக்கதை முழுவதும் நினைவில் மீண்டு வருகிறது.

எனவே, இசையமைப்பாளரைத் தேர்ந்தெடுப்போர் ஒரு பணியாளரை மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை. எண்ணற்ற சிறுவர் தத்தம் மனத்தில் கேட்டுவந்த ஓசையை விலக்கி, அவ்விடத்தில் வேறோர் ஓசையை வைக்கும் உரிமையை ஒருவருக்கு அளிக்கின்றனர். அவ்வுரிமையைப் பெறுபவர், விலக்கிய ஓசைக்கு ஈடான ஒன்றைத் தர வல்லவரா என்பதே தேர்வின் அடிப்படை வினாவாகும்.

இசையமைப்பாளரின் பணி

திரைப்படப் பின்னணி இசை பெரும்பாலும் படப்பிடிப்பு முடிந்த பின்னரே எழுதப்படுகிறது. படத்தொகுப்பு ஓரளவு நிறைவடைந்ததும் இயக்குநரும் இசையமைப்பாளரும் ஒன்றாக அமர்ந்து படத்தைப் பார்ப்பர். இசை எங்குத் தொடங்க வேண்டும், எங்கு முடிய வேண்டும், எங்கு இசையே கூடாது என்பனவற்றை அப்போது வரையறுப்பர். திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. கதவு திறக்கும் சட்டகத்தில் கொம்பிசை எழ வேண்டுமெனில், அதற்கு முந்தைய ஒவ்வொரு தாளத்தையும் அதற்கேற்பக் கணக்கிட்டாக வேண்டும். கற்பனையும் கணக்கும் ஒருங்கே தேவைப்படும் கலை இது.

இசையமைப்பாளர் எழுதிய இசையைக் கருவிவாரியாக விரித்தெழுதும் துணைவர் உண்டு. பின்னர், வயலின் முதலிய நரம்புக் கருவிகள், குழல்கள், கொம்புகள், தோற்கருவிகள் ஆகியன அடங்கிய பெரிய சேர்ந்திசைக் குழு அதனை இசைக்க, ஒலிப்பதிவு நடைபெறும். இவையனைத்தும் சில மாதங்களில், சிலபோது சில வாரங்களிலேயே முடிந்தாக வேண்டும். படம் வெளியாகும் நாள் முன்னரே அறிவிக்கப்பட்டிருக்கும். முந்தைய பணிகளில் ஏற்பட்ட தாமதமெல்லாம் இறுதியில் இசையமைப்பாளரின் காலத்தையே குறைக்கும். ஆகவே, திறமையோடு காலத்திற்குள் முடிக்கும் ஆற்றலும் இப்பணிக்கு இன்றியமையாதது.

நிலமில்லாக் கதைக்கு இசை

இசைக்கும் இடத்திற்கும் உள்ள உறவை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களைக் கூறும்போது, தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே கூறுகிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, பாலைக்குத் துடி என நிலந்தோறும் இசைக்கருவி வேறுபட்டது. பறையொலியைக் கேட்ட அளவில் கேட்பவர் நிலத்தை உணர்ந்துகொள்வர்.

உலகின் பிற பகுதிகளிலும் இத்தகைய மரபுகள் உள்ளன. கதை ஸ்காட்லாந்தில் நிகழ்ந்தால் பைக்குழலும், ஸ்பெயினில் நிகழ்ந்தால் கிதாரும் இசையமைப்பாளருக்குக் கைகொடுக்கும். மாயப்புனைவுக்கு அத்தகைய நிலம் இல்லை. மந்திரப் பள்ளி எந்த நாட்டு வரைபடத்திலும் இடம்பெறாது. அந்நிலத்துக்குரிய பறை எது, யாழ் எது என்பதை எந்த மரபும் சொல்லித் தராது. அதனை இசையமைப்பாளரே படைக்க வேண்டும். படைத்ததோடு, அது தொன்றுதொட்டு அங்கேயே இருந்துவந்தது என்னும் உணர்வையும் கேட்பவரிடம் ஏற்படுத்த வேண்டும். மாயப்புனைவுக்கு இசையமைப்பது பிற கதைகளுக்கு இசையமைப்பதைவிடக் கடினமாவது இதனால்தான்.

ஒரு வரிசை, நான்கு இசையமைப்பாளர்கள்

ஜே.கே. ரௌலிங் எழுதிய ஹாரி பாட்டர் வரிசையின் முதல் நூல் 1997இல் வெளிவந்தது. பெற்றோரை இழந்த சிறுவன் ஒருவன், தான் மந்திரவாதியாகப் பிறந்தவன் என்பதை அறிந்து ஹாக்வார்ட்ஸ் என்னும் மந்திரப் பள்ளியில் சேர்ந்து வளர்வதே இதன் கதை. ஏழு நூல்களும் 2001 முதல் 2011 வரை எட்டுத் திரைப்படங்களாயின. இவ்வெட்டுப் படங்களையும் நான்கு இயக்குநர்கள் இயக்கினர்; நான்கு இசையமைப்பாளர்கள் இவற்றுக்கு இசையமைத்தனர். ஒரே கதை உலகுக்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு இசையமைப்பாளரைத் தேர்ந்தெடுத்த நிகழ்வுகள் இங்கு அடுத்தடுத்து அமைந்துள்ளன. தேர்வின் இயல்பை அறிய இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

தெரிந்து தெளிவோம்

ஹாரி பாட்டர் திரைப்படங்களின் இசை

முதல் படம் (2001), இரண்டாம் படம் (2002) – இயக்கம்: கிறிஸ் கொலம்பஸ், இசை: ஜான் வில்லியம்ஸ்
மூன்றாம் படம் (2004) – இயக்கம்: அல்ஃபோன்சோ குவாரோன், இசை: ஜான் வில்லியம்ஸ்
நான்காம் படம் (2005) – இயக்கம்: மைக் நியூவெல், இசை: பேட்ரிக் டாயல்
ஐந்தாம் படம் (2007), ஆறாம் படம் (2009) – இயக்கம்: டேவிட் யேட்ஸ், இசை: நிக்கோலஸ் ஹூப்பர்
ஏழாம் படம் (2010), எட்டாம் படம் (2011) – இயக்கம்: டேவிட் யேட்ஸ், இசை: அலெக்ஸாந்தர் டெஸ்ப்ளா

முதல் தேர்வு

முதல் படத்திற்கு அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1932இல் பிறந்த அவருக்கு, படம் வெளிவந்தபோது வயது 69. பதினொரு வயதுச் சிறுவனின் கதைக்கு எழுபதை நெருங்கும் ஒருவரை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? அவருடைய முந்தைய பணிகளே இதற்கு விடையளிக்கின்றன. 1977இல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் வாயிலாக, முழுமையான சேர்ந்திசைக் குழுவின் இசையை மாயப்புனைவுத் திரைப்படங்களுக்கு உரியதாக ஆக்கியவர் அவர். 1982இல் வெளிவந்த 'இ.டி.' படத்தில் வேற்றுலக உயிரிக்கும் ஒரு சிறுவனுக்கும் இடையே மலர்ந்த நட்புக்கு இசை தந்தவர். மேலும், இயக்குநர் கிறிஸ் கொலம்பஸின் 'ஹோம் அலோன்' (1990) முதலிய படங்களில் அவரோடு இணைந்து பணியாற்றியவர். கதையின் வகை, சிறுவர் உள்ளம், இயக்குநரின் மனப்போக்கு ஆகிய மூன்றையும் அறிந்த ஒருவராக அவர் விளங்கினார்.

படத்தின் முன்னோட்டத்திற்காக அவர் முதலில் ஒரு சிறு இசைப்பகுதியை எழுதினார். அது அனைவரையும் கவரவே, படத்தின் மையமெட்டாக வளர்ந்தது. ஹாரியின் வெண்ணிற ஆந்தையின் பெயரால் அது 'ஹெட்விக் மெட்டு' எனப்படுகிறது. இம்மெட்டைத் தொடங்கிவைக்கும் கருவி செலஸ்டா. பெரிய கருவிகளின் முழக்கம் எதுவுமின்றி, சிறுமணிகள் ஒலிப்பது போன்ற மெல்லிய இசை தனித்து எழுகிறது. மும்மூன்றாக எண்ணும் தாளத்தில் அது ஊசலாடிச் செல்கிறது. தொடக்கத்தில் செவிக்குப் பழகியது போல் தோன்றும் அம்மெட்டில், எதிர்பாராத சுரங்கள் இடையிடையே தலைகாட்டுகின்றன. தெரிந்த வழியில் நடந்துகொண்டிருக்கும்போது தெரியாத கதவொன்று திறப்பதைப் போன்ற உணர்வை அச்சுரங்கள் தருகின்றன. கதையின் சாரமும் அதுவே அன்றோ!

தெரிந்து தெளிவோம்

செலஸ்டா

பியானோவைப் போன்ற தோற்றமுடைய கருவி செலஸ்டா. கட்டையை அழுத்தினால், கம்பளி உறையிட்ட சிறு சுத்தி உள்ளிருக்கும் உலோகத் தகட்டைத் தட்டும். தகட்டின் கீழுள்ள மரப்பெட்டி அவ்வொலியை மென்மையாக்கிப் பெருக்கும். பாரிஸ் நகரைச் சேர்ந்த ஆகஸ்ட் முஸ்டெல் 1886இல் இதனை உருவாக்கினார். உருசிய இசைமேதை சைக்காவ்ஸ்கி, 1892இல் அரங்கேறிய 'நட்கிராக்கர்' என்னும் நாட்டிய நாடகத்தில் இதனைப் பயன்படுத்தினார்.

செலஸ்டாவைத் தேர்ந்ததில் ஒரு நுட்பம் உள்ளது. சைக்காவ்ஸ்கியின் காலந்தொட்டே மேலைநாட்டுச் செவிகளுக்கு அக்கருவியின் ஒலி தேவதைக் கதைகளை நினைவூட்டிவந்தது. வில்லியம்ஸ் அம்மரபை எடுத்துக்கொண்டு அதற்குள் ஓர் இருண்மையைக் கலந்தார். இல்லாத நிலத்துக்கு இருக்கும் மரபிலிருந்தே ஒரு கருவியைத் தந்தார். ஹாக்வார்ட்ஸ் கோட்டைக்கு உரிய 'யாழ்' அவ்வாறு பிறந்தது.

மருட்கையும் அச்சமும்

தொல்காப்பியர் கூறும் மெய்ப்பாடுகள் எட்டு. அவற்றுள் மருட்கையும் அச்சமும் சிறுவர்க்கான மாயப்புனைவில் மிகுதியாக இடம்பெறுவன. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகிய நான்கின் அடிப்படையில் மருட்கை தோன்றும் என்கிறது தொல்காப்பியம். இதுவரை காணாதது, மிகப் பெரியது, மிகச் சிறியது, ஒன்று மற்றொன்றாக மாறுவது ஆகியவை வியப்பைத் தருகின்றன என்பது இதன் பொருள். முதல் படத்தில், புதிதாகச் சேரும் மாணவர் இரவில் படகுகளில் ஏரியைக் கடக்கும்போது கோட்டை முதன்முறையாகக் கண்ணில் படும். அங்கு இசைக்குழு முழுவதும் பொங்கியெழுகிறது. அது பெருமையால் விளையும் மருட்கை. செலஸ்டாவின் மெல்லொலி தருவதோ சிறுமையால் விளையும் மருட்கை. இவ்விரண்டையும் ஒரே படத்தில் தரத் தெரிந்தவரே இக்கதைக்கு உரியவர். முழக்கம் மட்டும் அறிந்தவர் குழந்தையைத் திகைக்க வைப்பார்; மென்மை மட்டும் அறிந்தவர் அதனை உறங்க வைப்பார்.

அச்சத்தைக் கையாள்வது இதனினும் கடினம். சிறுவர் படம் என்பதால் அச்சத்தை நீக்கிவிட வேண்டும் என்று எண்ணுவோர் உளர். தாய் தந்தையை இழந்த சிறுவனின் கதையில் அச்சத்தையும் துயரத்தையும் நீக்கினால் கதையே நீங்கிவிடும். அச்சத்தை அளவின்றிப் பெருக்கினால் குழந்தையின் மனம் கலங்கும். அஞ்ச வைத்தாலும் கைவிடாமல் அழைத்துச் செல்லும் பரிவு இசையமைப்பாளரிடம் இருக்க வேண்டும்.

மூன்றாம் படம் இதற்கு நல்ல சான்று. மகிழ்ச்சியை உறிஞ்சிவிடும் கொடிய உருவங்கள் அக்கதையில் வருகின்றன. அவற்றின் குளிரை இசையில் காட்டிய வில்லியம்ஸ், ஹாரி தன் பெற்றோரைப் பற்றிக் கேட்டறியும் இடத்தில் ரெக்கார்டர் என்னும் எளிய மரக்குழலைக் கொண்டுவந்தார். இழப்பின் ஏக்கம் அக்குழலில் இழைந்து வருகிறது. பள்ளியின் பழமையை உணர்த்த இடைக்கால ஐரோப்பிய இசைக்கருவிகளோடு சிறுவர் குழுவைப் பாட வைத்தார். தறிகெட்டு ஓடும் மாயப் பேருந்துக்கு ஜாஸ் இசையின் துள்ளலைத் தந்தார். முதல் இரு படங்களின் இசையை மீண்டும் ஒலிக்கச் செய்து எளிதாக முடித்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. சிறுவன் பதின்மூன்று வயதை அடைந்துவிட்டான் என்பதை அவருடைய இசை அறிந்திருந்தது.

இயக்குநரும் இசையமைப்பாளரும்

நான்காம் படத்தை மைக் நியூவெல் இயக்கினார். இசையமைப்பாளராக ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பேட்ரிக் டாயல் வந்தார். நியூவெல்லின் 'டானி பிராஸ்கோ' (1997) முதலிய படங்களுக்கு இசையமைத்தவர் அவர். ஐந்தாம் படத்தில் டேவிட் யேட்ஸ் இயக்குநரானபோது, தம் தொலைக்காட்சிப் படைப்புகளில் உடன் பணியாற்றிய நிக்கோலஸ் ஹூப்பரை அழைத்துவந்தார். இயக்குநர் மாறும்போது இசையமைப்பாளரும் மாறுவதை இவ்விரு நிகழ்வுகளிலும் காண்கிறோம்.

இதனை வெறும் நட்புச் சலுகை என எண்ணுதல் கூடாது. இசையைப் பற்றிச் சொற்களால் பேசுவது கடினம். "இவ்விடத்தில் இன்னும் கொஞ்சம் குளிர் வேண்டும்" என்று இயக்குநர் கூறினால், அக்குளிர் வயலினில் பிறக்குமா, குழலில் பிறக்குமா, அமைதியில் பிறக்குமா என்பதை இசையமைப்பாளர் உணர வேண்டும். பல ஆண்டுப் பழக்கம் உள்ளவரிடையே இவ்வுரையாடல் எளிதாகும். நெருக்கடியான காலவரம்பில் இது பெருந்துணை.

இத்தகைய நம்பிக்கை எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு 'இ.டி.' படத்தின் இறுதிப்பகுதி சான்று. நீண்ட அக்காட்சிக்கு இசையைத் துல்லியமாகப் பொருத்துவது ஒலிப்பதிவின்போது கடினமாக இருந்தது. இயக்குநர் ஸ்டீவன் ஸ்பில்பெர்க், திரையைப் பார்க்காமல் இசையின் போக்கிலேயே குழுவை நடத்துமாறு வில்லியம்ஸிடம் கூறினார். பின்னர் அவ்விசைக்கு ஏற்பப் படத்தொகுப்பை மாற்றியமைத்தார். வழக்கமாகப் படத்தைப் பின்தொடரும் இசையை அங்குப் படம் பின்தொடர்ந்தது.

எனினும், பழக்கம் ஒன்றே விதியன்று. குவாரோன் தம் 'எ லிட்டில் பிரின்சஸ்' (1995) உள்ளிட்ட படங்களில் பேட்ரிக் டாயலோடு பணியாற்றியவர். ஆயினும், அவர் இயக்கிய மூன்றாம் படத்திற்கு வில்லியம்ஸே இசையமைத்தார். ஏற்கெனவே உருவாகியிருந்த இசையுலகின் தொடர்ச்சி அங்கு முன்னின்றது. சூழலும் தேர்வைப் பாதிக்கும். 2002இல் வில்லியம்ஸுக்குப் பல படங்களின் பணி ஒரே காலத்தில் குவிந்திருந்ததால், இரண்டாம் படத்தில் அவருடைய இசையைக் காட்சிகளுக்கு ஏற்பத் தழுவியமைத்துக் குழுவை நடத்தும் பொறுப்பை வில்லியம் ராஸ் ஏற்றார்.

வளரும் கதை, வளரும் இசை

இசையமைப்பாளர் மாறியதால் இழப்பும் நேர்ந்தது, ஆக்கமும் விளைந்தது. முதல் மூன்று படங்களில் வில்லியம்ஸ் படைத்த பல அடையாள மெட்டுகள் பின்னர் ஒலிக்கவில்லை. மெட்டின் வாயிலாக ஒரு கதைமாந்தரையோ ஓர் உறவையோ நினைவூட்டும் முறை, ஒரே கை தொடர்ந்து எழுதும்போதுதான் முழுப்பயன் தரும். முதல் படத்தில் விதைத்ததை எட்டாம் படத்தில் அறுவடை செய்யும் வாய்ப்பு, இவ்வரிசையில் ஓரளவே கிட்டியது.

ஆக்கமும் சிறிதன்று. நான்காம் கதையில் நடன விழாவும் இளமையின் தயக்கமும் ஒரு மாணவனின் இறப்பும் வருகின்றன. டாயல் அதற்கேற்ப நடன இசையையும் இரங்கலிசையையும் தந்தார். ஐந்தாம் கதையில், இளஞ்சிவப்பு உடையும் இனிய சிரிப்புமாக வந்து மாணவரைக் கொடுமைப்படுத்தும் ஆசிரியை ஒருவர் வருகிறார். ஹூப்பர் அவருக்கு அச்சுறுத்தும் இசையைத் தரவில்லை. மிடுக்கும் பாசாங்கும் கலந்த துள்ளலான மெட்டைத் தந்தார். கொடுமை எப்போதும் கொடிய முகத்தோடு வருவதில்லை என்பதை அம்மெட்டு சிறுவர்க்கு உணர்த்துகிறது.

இறுதி இரு படங்களுக்குப் பிரெஞ்சு இசையமைப்பாளர் அலெக்ஸாந்தர் டெஸ்ப்ளா தேர்ந்தெடுக்கப்பட்டார். சிறுவர் மாயப்புனைவிலிருந்து உருவான 'த கோல்டன் காம்பஸ்' (2007) படத்திற்கு இசையமைத்தவர் அவர். எட்டாம் படத்தின் தொடக்கத்தில் ஹாரியின் தாய் லில்லிக்குரிய மெட்டை ஒரு பெண்குரல் சொற்களின்றிப் பாடுகிறது. பாடியவர் ஜப்பானிய இசையமைப்பாளர் ஜோ ஹிசைஷியின் மகள் மை ஃபுஜிசாவா. வரிசை முழுவதற்கும் காரணமான தாயின் தியாகம், இறுதிப் படத்தில் ஒரு தனிக்குரலாக ஒலிக்கிறது.

நால்வரும் தத்தம் வழியில் சென்றாலும் ஒன்றை மட்டும் விட்டுவிடவில்லை. ஹெட்விக் மெட்டு எட்டுப் படங்களிலும் வருகிறது. பிற்படங்களில் அது குறைவாக, பல இடங்களில் மங்கலாக ஒலிக்கிறது. குழந்தைப் பருவத்தை விட்டு விலகிச் செல்லும் ஒருவனுக்கு அது அவ்வாறுதான் கேட்கும். முன்னவர் படைத்ததை மதித்துக் காக்கும் பண்பையும், அதனை எங்கே குறைக்க வேண்டும் என்னும் தெளிவையும் பின்வரும் இசையமைப்பாளரிடம் எதிர்பார்க்க வேண்டியுள்ளது.

தேர்வில் நேரும் பிழைகள்

இசை எழுதப்படுவதற்கு முன், படத்தொகுப்பாளர் வேறு படங்களின் இசையைக் காட்சிகளோடு தற்காலிகமாக இணைத்துப் பார்ப்பது வழக்கம். காட்சியின் வேகத்தை அறிய இது உதவும். பல வாரங்கள் அதனையே கேட்டுப் பழகிய செவிக்கு, புதிய இசை எதுவும் பிடிக்காமல் போய்விடும் இடர் இதில் உண்டு. 1968இல் வெளிவந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்திற்கு அலெக்ஸ் நார்த் இசை எழுதினார். இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் அதனை முற்றிலும் விலக்கிவிட்டு, தாம் முன்னரே இணைத்துப் பார்த்திருந்த செவ்வியல் இசையை வைத்துக்கொண்டார். படம் திரையிடப்பட்டபோதே நார்த் இதனை அறிந்தார். அப்படத்தின் இசை இன்று பெரிதும் போற்றப்படுகிறது. ஆயினும், கேட்டுப் பழகியதை விட்டு வெளியே வர இயலாத இயக்குநருக்கு எந்த இசையமைப்பாளரைத் தேர்ந்தெடுத்தும் பயனில்லை என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

புகழை மட்டும் நோக்கித் தேர்ந்தெடுப்பது மற்றொரு பிழை. வெற்றி பெற்ற ஒருவரை அழைத்து, முந்தைய படத்தில் தந்ததையே மீண்டும் தருமாறு கேட்பது புதிய கதைக்குப் பழைய உடையை அணிவிப்பதாகும். அறிமுகமில்லாதவர் என்பதற்காக ஒருவரை விலக்குவதும் அதற்கு நிகரான பிழையே. ஹூப்பர் இவ்வரிசைக்கு வரும்முன் பெரும்பாலும் தொலைக்காட்சிக்கும் இயற்கை ஆவணப்படங்களுக்கும் இசையமைத்தவர்.

அமைதியை அறியாதவரைத் தேர்ந்தெடுப்பது மூன்றாவது பிழை. படம் முழுவதும் இசையால் நிரப்பினால் குழந்தை தானாக வியக்கவோ அஞ்சவோ இடம் இராது. 1993இல் வெளிவந்த 'ஜுராசிக் பார்க்' படத்தில் பேருருவ டைனோசர் மழையிரவில் முதன்முதலாகத் தாக்கும் காட்சியில் பின்னணி இசை இல்லை. குவளை நீரின் நடுக்கமும் மழையொலியும் காலடியோசையும் மட்டுமே உள்ளன. அப்படத்தின் இசையமைப்பாளரும் வில்லியம்ஸே. எங்கே எழுதாமல் விடுவது என்பதை அறிந்திருப்பதும் இசைப்புலமையின் ஒரு பகுதியாகும்.

தேர்வுக்குரிய அளவுகோல்

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால் சில தெளிவுகள் பிறக்கின்றன. இசையமைப்பாளர் நூலைப் படித்து, அதில் சொல்லாமல் விடப்பட்டதைக் கேட்க வல்லவராக இருக்க வேண்டும். இல்லாத நிலத்துக்குரிய கருவியையும் மெட்டையும் படைக்கும் கற்பனை வேண்டும். வியப்பையும் அச்சத்தையும் துயரையும் குறைக்காமல், சிறுவர் தாங்கும் வகையில் தரும் பரிவு வேண்டும். இயக்குநரோடு மனம் ஒன்றிப் பணியாற்றும் இயல்பும் காலவரம்புக்குள் முடிக்கும் ஒழுங்கும் வேண்டும்.

இவை அனைத்துக்கும் மேலாக ஒன்று உண்டு. குழந்தையைக் குறைவாக மதிப்பிடாமை வேண்டும். 'சிறுவர்தாமே, எதைக் கொடுத்தாலும் கேட்பர்' என்று எண்ணி எழுதப்பட்ட இசை, சிறுவராலேயே விரைவில் மறக்கப்படும். முதியவருக்கு எழுதும் அதே உழைப்போடும் அதே நேர்மையோடும் எழுதப்பட்ட இசை, அச்சிறுவர் முதியவரான பின்னும் அவரோடு இருக்கும். சிறு வயதில் கேட்ட இசை, வாழ்நாள் முழுவதற்குமான செவியைப் பழக்குகிறது. ஆகவே, ஒரு மாயக்கதைக்கு இசையமைப்பாளரைத் தேடுவோர், அக்கதையைப் படித்து ஓசையையும் கற்பனை செய்துகொண்ட சிறுவரை முதலில் நினைத்துப் பார்த்தல் நலம்.

கற்பவை கற்றபின்...

1. நீங்கள் விரும்பிப் படித்த சிறுவர் கதை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது திரைப்படமானால் எவ்விடங்களில் இசையும் எவ்விடங்களில் அமைதியும் வேண்டும் எனக் குறிப்பு எழுதுக.
2. திரைப்படக் காட்சி ஒன்றை முதலில் ஒலியின்றியும் பின்னர் ஒலியுடனும் பார்த்து, உங்கள் உணர்வில் ஏற்பட்ட வேறுபாட்டை வகுப்பில் கலந்துரையாடுக.
3. ஐவகை நிலங்களுக்குரிய பறைகளையும் யாழ்களையும் பட்டியலிட்டு, அவற்றுள் ஒன்றை உங்கள் கற்பனை உலகுக்கு உரியதாக்கிக் காரணம் கூறுக.

மதிப்பீடு

குறுவினா

1. திரைப்படம் நூலின் ஓசையை எவ்வாறு ஒன்றாக்குகிறது?
2. செலஸ்டாவில் ஒலி எவ்வாறு உண்டாகிறது?
3. மருட்கை தோன்றுவதற்குரிய நான்கு அடிப்படைகள் யாவை?

சிறுவினா

1. மாயப்புனைவுக்கு இசையமைப்பது கடினமானது என்பதற்குக் கட்டுரையாளர் கூறும் காரணத்தை விளக்குக.
2. தற்காலிக இசையால் விளையும் நன்மையையும் இடரையும் எடுத்துக்காட்டுடன் எழுதுக.

நெடுவினா

1. ஒரே திரைப்பட வரிசைக்கு இசையமைப்பாளர் மாறுவதால் விளையும் இழப்பையும் ஆக்கத்தையும் பாடப்பகுதி கொண்டு ஆராய்ந்து, உங்கள் கருத்தை நிறுவுக.